வெட்டு விழும் இடம்

‘லெஃப்டினன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஸ்பெல்லிங்கை நான் இதுவரை தப்பாக எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியமே வாழ்க்கையில் நாலைந்து தடவைதான் வந்தது என்பது வேறு விஷயம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ட்யூஷன் சார் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, நடுநடுவே மூன்று கோடு கிழித்தார். லை, யு, டென், ஆன்ட். “பொய், நீ, பத்து, எறும்பு. இனி சாகுற வரைக்கும் மறக்காதுலே” என்றார். மறக்கவில்லை. கல்லூரியில் சேலத்துக்காரன் ஒருவனுக்கும் தஞ்சாவூர்க்காரன் ஒருவனுக்கும் இதே பத்து எறும்பைத் தெரிந்திருந்தது. யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர் புண்ணியவான்.

வேலைக்குப் போன பிறகுதான் ஒரு நாள் அகராதியில் அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து வந்தது. முதல் பாதிக்கு ‘இடம்’ என்று பொருள், இரண்டாம் பாதிக்கு ‘பிடித்திருப்பவர்’. மேலதிகாரி இல்லாதபோது அவர் இடத்தைப் பிடித்து நிற்பவர். பொருளுக்கு ஒரே ஒரு வெட்டு போதும். அந்த ஒரு வெட்டு எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் சாரின் மூன்று கோடுகளில் நடுக்கோடு விழுந்திருந்தது. அது சாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

சரியான இடத்தில் தற்செயலாக விழும் அந்த நடுக்கோடு எனக்குக் கொஞ்ச நாளாகவே தொந்தரவாக இருக்கிறது. ஒரு சொல்லை வாய்க்காக வெட்டலாம், ஞாபகத்துக்காக வெட்டலாம், பொருளுக்காகவும் வெட்டலாம். மூன்றும் மூன்று வேலை. ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றைச் செய்ததாகச் சொல்லிக்கொள்வது வெறும் பிழையா, அல்லது அதைவிட மோசமான ஒன்றா? இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய கேள்வி என்று சொல்வதற்கு முன்னால் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

*

சார் வீட்டுத் திண்ணையில் இருபது பேர் உட்காருவோம். எல்லாரும் தமிழ் மீடியம். எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்கு ஆங்கிலப் பாடப்புத்தகம் படம் பார்க்கிற புத்தகம்தான். நீளமான சொல் வந்தால் கண் அதைத் தாண்டிக் குதித்துவிடும். சார் செய்தது ஒன்றே ஒன்று. உயிர்ச் சத்தத்தை எண்ணச் சொன்னார். எத்தனை உயிர்ச் சத்தமோ அத்தனை துண்டு. இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நடுவில் வெட்டு. ஒற்றை மெய் என்றால் பெரும்பாலும் பின்னால் வரும் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். “முழுசாப் பாத்தா பாம்பு. துண்டு போட்டுட்டா மண்புழு. எதுக்குலே பயப்படுதீங்க?”

ஒரே மாதத்தில் ஊர் முழுக்க ஆங்கிலம் முளைத்துவிட்டது. சோப்பு உறை, உர மூட்டை, மாத்திரை அட்டை, அம்பாசமுத்திரம் போகிற பஸ்ஸின் பின்கண்ணாடி. பா-ர-சி-ட-மால். சூ-பர்-பாஸ்-பேட். கல்லிடைக்குறிச்சியில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அப்பளம் போட்டார்கள். பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிளில் நாலு வரி ஆங்கிலம் இருக்கும். வருஷக்கணக்காக ஆச்சி தன் கையால் ஒட்டிய லேபிள் அது. ஒரு நாள் நான் அதைச் சத்தமாக வாசித்தேன். இன்-கிரீ-டி-யன்ட்ஸ். ஆச்சி மாவுக் கையோடு எழுந்து வந்து லேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த பெருமை, பின்னால் நான் பொறியியல் சேர்ந்திருந்தாலும் வந்திருக்காது. அதைப் பார்க்க அவள் இல்லை.

‘புரியாமல் வாசிப்பது கிளிப்பிள்ளைப் பாடம்’ என்று இந்த முறையைக் கேலி செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் காது முதலில் படித்தது, கண் பிறகு. எங்களுக்கு வாய் ஒன்றுதான் வாசல். அமெரிக்காவிலும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் புத்தகம், சொற்களைத் துண்டு துண்டாக வரிசையில் அச்சிட்டுப் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லவைத்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் கற்றார்கள். வெப்ஸ்டர் காதுக்கேற்ப வெட்டினார். அமெரிக்க அச்சு வழக்கம் இன்றும் உச்சரிப்பைத்தான் பார்க்கிறது. பழைய பிரிட்டிஷ் வழக்கம் சொல்லின் வேரைப் பார்த்தது. ‘நாலெட்ஜ்’ என்ற சொல் வரியின் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், பிரிட்டிஷ் அச்சுக்கோப்பவர் ‘அறி’ என்ற பொருள் தரும் நாலெழுத்தை முழுசாக விட்டு அதன்பின் வெட்டுவார். அமெரிக்கர் அதற்கடுத்த ‘எல்’ எழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெட்டுவார், வாய் அங்கேதான் நிற்கிறது என்பதால். அறிவு என்ற சொல்லை எங்கே வெட்டுவது என்பதிலேயே இரண்டு நாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

நம்மிடம் இதற்குப் பெயரே உண்டு: வகையுளி. செய்யுளைச் சீர் பிரிக்கும்போது பொருளைப் பார்க்காமல் ஓசையை மட்டும் பார்த்துச் சொல்லைப் பிரிப்பது. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளுக்குப் பிரித்தால் கல், இடை, குறிச்சி. கல் என்றால் பாறை, பழைய தமிழில் மலையும்தான். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரின் பெயர். பேருந்து நிலையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும், பொருள் கண்முன்னால் நிற்கும். அசை பிரித்தால்? கல், லிடைக், குறிச், சி. நேர் நிரை நிரை நேர். வாய்பாட்டில் கூவிளநறும்பூ. பிளஸ் டூ படிக்கும்போது இதைக் கண்டுபிடித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். கல்லுக்கு நடுவில் இருக்கிற ஊர், அலகிட்டுப் பார்த்தால் வாசமுள்ள பூ! ஆனால் ‘லிடைக்’ என்ற துண்டைத் தனியாக யாரிடமும் கொண்டுபோய்ப் பொருள் கேட்க முடியாது. பேச்சில் நாங்கள் ‘கல்லடக்குறிச்சி’ என்போம், அதில் இடையும் போய்விட்டது.

யாப்பு எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. ஓசைக்கு வெட்டியதைப் பெயர் சொல்லி ஒத்துக்கொண்டார்கள். பொருள் சொல்ல வந்த உரைகாரர்கள் தனியாகப் பதம் பிரித்து எழுதினார்கள்.

*

நான் வேலை பார்க்கும் இடத்தில் மருத்துவமனை ரிப்போர்ட்டுகளைச் செல்பேசியில் காட்டும் செயலி ஒன்றைச் செய்கிறோம். போன வருஷம் எனக்கு வந்த ஒரு டிக்கெட் இது: சின்னத் திரையில் நீளமான மருத்துவச் சொற்கள் ஓரத்தைத் தாண்டி வெளியே போகின்றன, சரி செய்யவும். ஒரு வரி சிஎஸ்எஸ் போட்டால் உலாவியே வெட்டிக்கொள்ளும். போட்டேன். சோதனைக்கு வைத்திருந்த மாதிரி ரிப்போர்ட்டைத் திறந்தேன். வரியின் ஓரத்தில் ‘மெட்டாஸ்’ என்று நின்று, ஒரு சின்னக் கோடு, அடுத்த வரியில் ‘டசிஸ்’. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

நான் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், ஆனி மாசம். ஆச்சிக்கு வயிற்றில் ஓயாத வலி, சாப்பாடு இறங்கவில்லை. மாமா திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார். டாக்டரைச் சனிக்கிழமை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கவர் மேஜையில் கிடந்தது. மாமா எட்டாவது வரைக்கும் படித்தவர். “மருமவனே, இதை வாசி பாப்போம்” என்றார். வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அப்பளக் கட்டையை நிறுத்திவிட்டு அம்மாவும் சித்தியும் வந்து நின்றார்கள்.

வாசித்தேன். எழுத்துக்கூட்டித் தடுமாறியெல்லாம் இல்லை, அப்போது அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தேன். மனசுக்குள் வெட்டி, வாயில் ஒட்டி, ஒரே ஓட்டமாக. மல்-டி-பில் ஹெ-பா-டிக் மெ-டாஸ்-ட-சிஸ். “எப்படி வாசிக்கான் பாரு, வாய்க்கால்ல தண்ணி ஓடுத மாதிரி” என்றாள் ஆச்சி. அடுத்து, “என்னலே போட்டிருக்கு?”

மல்டிபிள் என்றால் பல என்று தெரியும். கடைசிச் சொல் சுத்தமாகத் தெரியாது. நடுச்சொல்லை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. சுகாதார நிலையத்துச் சுவரில் ‘ஹெபடைடிஸ்’ என்று போட்டு ஊசி போடச் சொல்லும் விளம்பரம். அது மஞ்சள் காமாலை என்று எனக்குத் தெரியும். ‘ஹெபா’ வரைக்கும் இரண்டும் ஒன்றுதானே.

“மஞ்சக்காமாலை மாதிரி, ஆச்சி. பயப்பட ஒண்ணும் இல்ல.”

இதில் வேடிக்கை, அந்த வெட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. ‘ஹெபட்’ என்ற கிரேக்க வேருக்குக் கல்லீரல் என்று பொருள். இரண்டு சொல்லுக்கும் வேர் அதுதான். நடுக்கோடு மறுபடியும்.

ஆச்சியின் கண்ணும் லேசாக மஞ்சளித்துத்தான் இருந்தது. எல்லாம் பொருந்திப் போயிற்று. காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து எதுக்கு என்று சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகவில்லை. கால்வாய்க்கரையில் கீழாநெல்லி பறித்து அரைத்து மோரில் கலக்கிக் காலையில் வெறும்வயிற்றில் கொடுத்தார்கள். எண்ணெய் கிடையாது, புளி கிடையாது. பறித்துக்கொண்டு வந்தது பல நாள் நான்தான்.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போவோம். காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கி, ஆற்றில் குளித்து, சமைத்துச் சாப்பிட்டு வருவது. ஆச்சி கல்யாணமாகி வந்ததிலிருந்து விட்டதில்லை என்பார்கள். அந்த வருஷம், காமாலைக்காரியை மலைக்குக் கூட்டிப்போவதா என்று நிறுத்திவிட்டார்கள். அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அய்யன் எங்க போயிரப் போறான். அடுத்த ஆடிக்குப் போய்க்கிடுவோம்.”

ஆவணியில் வாந்தி நிற்காமல் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் அந்தக் காகிதத்தை அரை நிமிஷம் பார்த்தார். “புத்துநோய். கல்லீரலுக்குப் பரவிருச்சு” என்றார். நான் மூன்று வெட்டுப் போட்டு வாசித்த சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். பரவிருச்சு. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாசம் முன்னாலேயே வந்திருந்தால் என்று அவர் கேட்டதற்கு, பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் டாக்டர். மாசியில் ஆச்சி போய்விட்டாள். அடுத்த ஆடி வரவில்லை.

படுக்கையில் இருந்தபோது ஒரு தடவை தானாகவே சொன்னாள். “நீ நல்லாத்தாம்லே வாசிச்ச. தாள்லதான் தப்பாப் போட்டிருக்கானுவ.”

*

வெட்டும் வேலையை ஒழுங்காகச் செய்தது யார் என்று பார்த்தால், என் மட்டில், ஃபிராங்க் லியாங். டொனால்ட் கனூத்திடம் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்தவர். கணினி எப்படி ஆங்கிலச் சொற்களை வரியோரத்தில் வெட்ட வேண்டும் என்பது அவருடைய 1983ஆம் வருஷத்து ஆய்வேடு. தலைப்பிலேயே சொற்களுக்கு நடுவே வெட்டுக்கோடு போட்டுத்தான் அச்சிட்டிருக்கிறார், குறும்புக்காரர். டிக்கெட்டை மூடுவதற்கு அதெல்லாம் படிக்கத் தேவையில்லை. அந்த இரவு தூக்கம் வராமல் படித்தேன்.

அவருடைய நிரலுக்குப் பொருள் தெரியாது. அகராதியைக்கூடக் கையில் வைத்துக்கொள்வதில்லை. எழுத்துக் கூட்டங்களின் ஒரு பட்டியல் மட்டும் உண்டு, சுமார் 4,500. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுத்துக்களுக்கு நடுவே எண்கள். ஒற்றைப்படை என்றால் இங்கே வெட்டலாம், இரட்டைப்படை என்றால் வெட்டாதே. ஓரிடத்தில் இரண்டு மூன்று கூட்டங்கள் மோதினால் பெரிய எண் ஜெயிக்கும். 1 வெட்டு என்றால் 2 வேண்டாம் என்கும், 3 இல்லை வெட்டு என்கும், 4 நிறுத்து என்கும், 5 கடைசியாக. விதி, விலக்கு, விலக்குக்கு விலக்கு. நன்னூல் படித்தவனுக்கு இது புதிதல்ல, நம் புணர்ச்சி விதிகளும் இப்படித்தான் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும்.

என்னை நிறுத்தியது வேறொன்று. அகராதி காட்டும் வெட்டிடங்களில் சுமார் 89 சதவீதத்தைத்தான் அது கண்டுபிடிக்கிறது. மிச்சத்தை விட்டுவிடுகிறது. ஏன் என்றால் அதை அப்படித்தான் கட்டியிருக்கிறார். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் போனால் வரி கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். வெட்டக் கூடாத இடத்தில் வெட்டினால் வாசகன் தடுக்கி விழுவான். ‘லெஜண்ட்ஸ்’ என்பதை மூன்றாம் எழுத்தில் வெட்டினால் புராணக்கதை கால்நுனி ஆகிவிடும். ஆகவே சந்தேகம் என்றால் சும்மா இரு.

கனூத்தின் டெக் மென்பொருளோடு 14 சொற்கள் கொண்ட ஒரு சின்ன விலக்குப் பட்டியலும் வரும். அதில் நாலு சொற்கள் ‘ப்ரெசென்ட்’, ‘ப்ராஜெக்ட்’, இரண்டோடும் ‘எஸ்’ சேர்ந்த வடிவங்கள். அந்த நாலிலும் வெட்டுக்கோடே கிடையாது. பரிசு என்ற பெயர்ச்சொல்லாக இருந்தால் ஓரிடத்தில் வெட்ட வேண்டும், முன்வைத்தல் என்ற வினையாக இருந்தால் வேறிடத்தில். எது என்று வாக்கியத்தின் பொருள் தெரிந்தால்தான் சொல்ல முடியும். இயந்திரத்துக்குப் பொருள் தெரியாது. எனவே அந்தச் சொல்லைத் தொடாதே என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இரவு ரெண்டு மணிக்கு இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சில ஆயிரம் எழுத்துக் கூட்டங்களுக்கு இருந்த அடக்கம் எனக்கு இல்லாமல் போயிற்றே என்று.

(தமிழ்ப் பத்திரிகைகள் வரியோரத்தில் கோடே போடுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வரி எங்கே முடிகிறதோ அங்கே சொல் ஒடியும், கோடு இல்லாமல் அடுத்த வரிக்குப் போகும். மேலொற்றும் உயிர்மெய்க் குறியும் பிரியாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். சந்தோஷ் தோட்டிங்கல் என்ற மலையாளப் பொறியாளர் இந்திய மொழிகளுக்கு எழுதிய வெட்டு விதிகளில் தமிழுக்கானவை எண்ணி முடிக்கிற அளவுதான். ஆங்கிலத்துக்குத்தான் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது.)

*

பொருள் தெரியாமல் வாசிப்பதே குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர் அக்ரஹாரங்களில் வேதம் சொன்னவர்களில் எத்தனை பேர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்து சொல்லியிருப்பார்கள்? ஒரு மாத்திரை பிசகாமல் அடுத்த ஆளிடம் ஒப்படைப்பதுதான் அவர்கள் வேலை. கூடவே, சொல் சொல்லாகப் பிரித்து ஓதும் பதபாடம் என்று ஒன்றையும் தனியாக வைத்திருந்தார்கள். முத்துஸ்வாமி தீட்சிதரின் ‘ஸ்ரீ லக்ஷ்மீ வராஹம்’ எங்கள் ஊர் வராகப் பெருமாள் மீது பாடியது என்பார்கள். ஆபோகி ராகம். தீட்சிதரின் நீண்ட சமஸ்கிருதத் தொடர்களைத் தாளத்துக்கும் மூச்சுக்கும் ஏற்பப் பாடகர் எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். பதம் கெட்டுப்போகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது, கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவேன். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மில்டன் கதை இன்னும் கடுமையானது. கண்பார்வை போன பிறகு தன் மகள்களைத் தனக்கு வாசித்துக்காட்ட வைத்தார். கிரேக்கம், லத்தீன், ஹீப்ரு என்று பல மொழிகளில். உச்சரிப்பு மட்டும் சொல்லிக்கொடுத்தார், பொருள் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை எழுதிவைத்தது அவருடைய அக்கா மகன் எட்வர்ட் பிலிப்ஸ். தனக்கு ஒரு வரிகூடப் புரியாத புத்தகத்தை மணிக்கணக்காக அப்பாவுக்கு வாசிக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அங்கே பொய் கிடையாது. அவளுக்குப் புரியாது என்று கேட்பவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் அது தலைகீழ். வாசித்தவனுக்குப் புரியவில்லை, கேட்டவர்கள் புரிந்தது என்று நம்பினார்கள். அவன் நன்றாக வாசித்ததாலேயே நம்பினார்கள். தடுமாறி வாசித்திருந்தால் மாமா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு சனிக்கிழமை டாக்டரிடம் போயிருப்பார். என் சரளம்தான் ஆச்சியைக் கீழாநெல்லிக்கு அனுப்பியது.

சொல்லின் வேர் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பேனா என்றும் யோசித்திருக்கிறேன். மெட்டாஸ்டசிஸ் கிரேக்கம். ‘மெட்டா’ என்றால் இங்கே மாறுதல், ‘ஸ்டாசிஸ்’ என்றால் நிற்றல். இடம் மாறி நிற்றல். ஆங்கிலத்தில் முதலில் இது பேச்சுக்கலையில் வழங்கிய சொல், ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுவதைக் குறித்தது. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று நம் பகுபத உறுப்புகள் ஆறையும் பிரித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கிரேக்கமும் பிரித்திருந்தால், “ஏதோ இடம் மாறி நிக்காம், ஆச்சி” என்று சொல்லியிருப்பேன். அவள் குடல் பிரண்டிருக்கிறது என்று நினைத்து வயிற்றுக்கு எண்ணெய் தேய்த்திருப்பாள். வேருக்கு வெட்டுவதும் ஒரு வெட்டுதான். அந்தச் சொல்லின் பொருள், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒருவரின் வாயில் ‘பரவிருச்சு’ என்று இருந்தது.

கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பு பற்றி ஒரு எளிய சமன்பாடு எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. வாசிப்பு என்பது இரண்டின் கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். பொறியாளனுக்கு இந்த மாதிரி வரி பிடிக்கும். ஆனால் சமன்பாடு வாசிப்பவனோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் நின்று “என்னலே போட்டிருக்கு?” என்று கேட்கிறவளுக்கு அதில் இடம் இல்லை. பூஜ்யத்தை வாங்கியவன் அவளிடம் என்ன எண்ணைச் சொல்லுகிறான் என்பதுதானே விஷயம்.

பதினாறு வயசுப் பையன் ‘தெரியலை’ என்று சொல்லியிருக்க முடியுமா? நண்பர்களிடம் சொன்னால், விடுடா, சின்னப் பையன்தானே என்பார்கள். முடிந்திருக்கும், ஆனால் சுலபமில்லை என்பதுதான் உண்மை. ட்யூஷன் ஃபீஸ் அப்பளக் காசிலிருந்து போனது. அந்த வீட்டின் மொத்த ஆங்கிலமும் நான்தான். தெரியலை என்று சொல்வது எனக்குத் தெரியலை என்பதாக இல்லாமல், இத்தனை வருஷக் காசு வீண் என்பதாகக் கேட்டிருக்கும். வசதியுள்ள வீட்டில் ஒரு பையன் தெரியலை என்றால் தெரிந்த சித்தப்பா ஒருவருக்குப் போன் போடுவார்கள். எங்களுக்கு யாருக்குப் போடுவது? நோயாளிக்கு ஒரு வரிகூடப் புரியாத மொழியில் அவளுடைய நோயை எழுதி அவளிடமே கொடுத்தனுப்பும் வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. இன்றும் அதே மொழியில்தான் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பங்கைக் கழிக்கப் பார்த்தால் கழியவில்லை. ஏனென்றால் ‘பயப்பட ஒண்ணும் இல்ல’ என்று நான் சொன்னது எதையும் படித்து அல்ல. காகிதத்தில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. அவள் முகம் பயந்திருந்தது, அதனால் சொன்னேன். பிரியத்தில் சொன்னதுதான். பிரியத்தில் சொன்னால் தெரியாததைச் சொல்லலாமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

அந்த ஒன்றரை மாசம் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று அம்மா சொல்வாள். அப்பளம் தேய்த்தாள், ஆற்றுக்குப் போனாள், சீரியல் பார்த்தாள். உண்மைதான். ஆனால் தெரிந்திருந்தால் அந்த ஆடிக்குக் காரையாறு போயிருப்பாள். எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது அவள். அவள் சார்பில் முடிவு செய்தது ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத என் வாசிப்பு.

*

செயலியில் கடைசியாக மருத்துவச் சொற்களை வெட்டவே வேண்டாம் என்று அமைத்தேன். நீளமான சொல் வந்தால் முழுசாக அடுத்த வரிக்கு இறங்கும், முந்தைய வரி பாதியில் நிற்கும். வலது ஓரம் பல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று டிசைனர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இருக்கட்டும் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை, ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் ஆச்சி கதையைச் சொல்ல முடியாது.

அடுத்து வந்திருப்பது வேறு வேலை. ரிப்போர்ட்டைச் சத்தமாக வாசித்துக்காட்டும் வசதி, வயதானவர்களுக்காக. கூடவே தமிழில் சுருக்கமாக விளக்கமும் சொல்ல வேண்டும். வாசிக்கும் குரல் அபாரமாக இருக்கிறது. எந்தச் சொல்லிலும் தடுக்குவதில்லை. விளக்கம் நிச்சயமில்லாத இடங்களில் ‘இது எனக்குத் தெரியவில்லை, டாக்டரிடம் கேளுங்கள்’ என்று வர வேண்டும் என்று ஒரு டிக்கெட் எழுதிப் போட்டேன். அடிக்கடி தெரியவில்லை என்று சொன்னால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. டிக்கெட் இன்னும் திறந்திருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் குரலை மாமாவுக்குப் போட்டுக்காட்டினேன். மாமாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கடைசி வரைக்கும் கேட்டார்.

“நல்லா வாசிக்கே, பிசிறில்லாம. யாரு பிள்ள?”

“பிள்ள இல்ல மாமா, மிஷின்.”

“அப்படியா” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, என்ன போட்டிருக்காம்?” என்றார்.

சும்மா சோதனைக்கு வைத்திருக்கிற ரிப்போர்ட், யாருடையதும் இல்லை என்று சொன்னேன்.